வெள்ளைக் காரில் பிபிஎஃப் ஓரம் கறுக்குது, பானட்டில் மஞ்சள் கறை: எதை வச்சுக் கழுவறது?

டோங்காட்வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி வெள்ளை போலோ. பானட் முழுக்க, முன் பம்பர், முன் ஃபெண்டர் ரெண்டு, பக்கக் கண்ணாடி மூடி, கதவுக் கைப்பிடிக் குழி, இவ்வளவுக்கும் பளபளப்பு பிபிஎஃப், அதாவது பெயின்ட்டைக் கல்லடி, கீறல்ல இருந்து காக்கிற நிறமில்லாத டிபியு (நெகிழ்வான பிளாஸ்டிக்) ஃபிலிம் ஒட்டி 14 மாசம் ஆச்சு. தடிமன் 8 மில். வண்டி தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்து டோங்காட்ல வெட்டவெளியில நிக்குது. ஒரு பக்கம் கரும்புக் காடு, கடல் 6 கிலோமீட்டர். மாசம் ஒரு தடவை என்3 நெடுஞ்சாலை வழியா ஜோஹன்னஸ்பர்க் போய் வரும்.

இப்ப இருக்கிற நிலைமை இது. ஃபிலிம் முடியிற ஓரமெல்லாம் மெல்லிசா கறுப்புக் கோடு. பானட்ல ஹாடிடா (இங்க உள்ள ஒரு பெரிய பறவை) எச்சம் ரெண்டு நாள் காய்ஞ்சு கிடந்த இடத்துல வட்டமா மஞ்சள் கறை. கரும்பு எரிக்கிற மாசங்கள்ல விழுந்த கரியைக் காய்ஞ்ச துணியால துடைச்சதுல, வெயில்ல பார்த்தா சிலந்தி வலை மாதிரி கீறல். பம்பர் அடியில தார்ப் புள்ளி. முன் சக்கர வளைவுகிட்ட ஒரு முனை 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கியிருக்கு.

இதுவரைக்கும் பாத்திரம் கழுவுற சோப்பு, மஞ்சள் ஸ்பாஞ்ச், வீட்டு பிரஷர் வாஷர். இதுல எது தப்பு? கறை போகுமா? மேல வேக்ஸ் போடலாமா, செராமிக் பூச்சு போடலாமா?

---

ஃபிலிம்கை பதில்:

தம்பி, நீங்க சொன்னதுல தூக்கின முனையைத் தவிர மத்ததெல்லாம் மேல உட்கார்ந்திருக்கிற அழுக்கும், மேல் அடுக்குல விழுந்த கீறலும்தான். ஃபிலிம் இன்னும் கெட்டுப் போகலை. ஆனா தப்பான பொருளை வச்சுத் தேய்ச்சா ஒரே மத்தியானத்துல கெடுத்துடலாம்.

8 மில்னா சுமார் 200 மைக்ரான். அடியில அக்ரிலிக் பசை, நடுவுல தடிப்பான டிபியு, மேல ரொம்ப மெல்லிசா ஒரு டாப்கோட். கல்லடியை வாங்கிக்கிறது நடு அடுக்கு. கறை ஒட்டாமப் பார்த்துக்கிறதும், சூடு பட்டா கீறலை மூடிக்கிறதும் அந்த மெல்லிய டாப்கோட்தான். அது இருக்கிற வரைக்கும்தான் ஃபிலிமுக்கு ஆயுசு. நாம செய்யற ஒவ்வொண்ணும் அதைக் காப்பாத்துதா, கழிக்குதான்னு பார்த்துட்டுச் செய்யணும்.

கழுவுறதுல இருந்து வர்றேன். பாத்திர சோப்பு ஃபிலிமைக் கரைச்சிடாது. ஆனா மேல பூசின பாதுகாப்பு எதுவா இருந்தாலும் உரிச்சு எடுத்துட்டுப் போயிடும், அதனால விட்டுடுங்க. காரத் தன்மையும் அமிலத் தன்மையும் இல்லாத கார் ஷாம்பூ வாங்குங்க, பாட்டில்ல பிஎச் நியூட்ரல்னு போட்டிருக்கும். 10 லிட்டர் தண்ணிக்கு 20 முதல் 30 மி.லி. போதும். பாட்டில் வேற அளவு சொன்னா அதையே எடுத்துக்கோங்க. ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்க. மணல் அதோட முகத்துலயே உட்கார்ந்துக்கும், அப்புறம் நீங்க தேய்க்கிறது உப்புத்தாள்தான். நீள முடி மைக்ரோஃபைபர் கையுறை வேணும். வாளி ரெண்டு, ஒண்ணுல ஷாம்பூ, ஒண்ணுல வெறும் தண்ணி. ஒவ்வொரு பாகம் முடிஞ்சதும் வெறும் தண்ணில கையுறையை அலசிட்டு அப்புறம்தான் ஷாம்பூ வாளிக்கு. வாளி அடியில வலைத்தட்டு போட்டா மணல் கீழேயே தங்கிடும். மேல இருந்து கீழ வாங்க. பம்பர் அடியும் கதவுக் கீழ்ப்பகுதியும் கடைசி, அதுக்குத் தனிக் கையுறை இருந்தா நல்லது.

கரும்புக் கரி விஷயம் தனி. கேஇசட்என்ல (குவாசுலு-நட்டால் மாகாணத்துல) ஏப்ரல்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வெட்டு நடக்கும், எரிக்கிறதும் அப்பத்தான். கரும்புத் தோகையில சிலிக்கா அதிகம், எரிஞ்ச பிறகும் அது சாம்பல்ல அப்படியே இருக்கு. காய்ஞ்ச துணி படவே கூடாதுங்கிறது இதனாலதான். ஈரத் துணியும் முதல்ல வேண்டாம், கரி இழுபட்டு மையா அப்பிக்கும். இலை ஊதுற ப்ளோயர் இருந்தா முதல்ல ஊதி விடுங்க. இல்லைன்னா ஹோஸ் பைப்பைக் கூரையில வச்சு, அழுத்தம் இல்லாம, ரெண்டு மூணு நிமிஷம் தண்ணி தானா வழிஞ்சு இறங்க விடுங்க. அப்புறம் நுரை அடிச்சு 4, 5 நிமிஷம் ஊறட்டும், காய விடாம அலசுங்க. அதுக்கு அப்புறம்தான் கையுறை தொடணும். நிழல்ல, பானட் கை வைக்கிற சூட்டுல இருக்கும்போது செய்யுங்க.

பிரஷர் வாஷர் கூடாதுன்னு இல்ல. 40 டிகிரி விசிறி நாசில் மட்டும் மாட்டுங்க. சுத்துற டர்போ நாசில் கூடவே கூடாது. பொதுவா 60 செ.மீ. தள்ளி நில்லுங்க, ஓரத்துக்கு 30 செ.மீ.க்கு உள்ள எப்பவும் வராதீங்க. அதைவிட முக்கியம் திசை. தண்ணி ஃபிலிம் நடுவுல இருந்து ஓரத்தைத் தாண்டி பெயின்ட்டுக்குப் போகணும். பெயின்ட்ல இருந்து ஓரத்துக்குள்ள குத்தினா ஒரே வீச்சுல முனையைக் கிளப்பிடும். சக்கர வளைவைக் கழுவறப்பதான் பெரும்பாலும் இது நடக்குது, நாசிலை உள்ளயிருந்து வெளிய பிடிக்கிறதால. உங்க 4 மில்லிமீட்டருக்கும் அதுதான் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது.

இப்ப கறுப்புக் கோடு. பசை ஃபிலிமோட ஓரத்துல துளி வெளிய தெரியும், ரோட்டுத் தூசியும் பழைய வேக்ஸும் அதுல ஒட்டிக்கும். ஷாம்பூ தண்ணில நனைச்ச மிருதுவான டீட்டெய்லிங் பிரஷ்ஷால, இல்ல குழந்தைங்க பல் பிரஷ்ஷால, ஓரத்தோட நீளவாக்குல தேய்ங்க. குறுக்கா வேண்டாம். அதுக்கும் போகலைன்னா நிறமில்லாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 70 சதவீதம் உள்ளதை அதே அளவு டிஸ்டில்ட் வாட்டரோட கலந்து, மைக்ரோஃபைபர்ல நனைச்சு, விரல்ல சுத்தி ஓரத்துல மெதுவா இழுங்க. துணியில நனைக்கணும், ஓரத்துல ஊத்தக் கூடாது, பசை இளகிடும். நம்ம கடைகள்ல கிடைக்கிற ஊதா ஸ்பிரிட் வேண்டாம். வெள்ளைக் கார்ல அந்தச் சாயத்தை எதுக்கு வம்புக்கு இழுக்கணும்? நகத்தால, பிளேடால சுரண்டாதீங்க.

தார்ப் புள்ளிக்கு முதல்ல சிட்ரஸ் கிளீனர் 1:10 கலந்து பாருங்க. அசையலைன்னா தார் ரிமூவரைத் துணி மூலையில எடுத்து, புள்ளி மேல 20, 30 விநாடி அழுத்திப் பிடிச்சு, தூக்கி எடுங்க. உடனே ஷாம்பூவால கழுவிடுங்க. பெட்ரோல், பாரஃபின், தின்னர், அசிட்டோன் எதுவும் கிட்ட வரக் கூடாது. இதெல்லாம் டிபியுவுக்குள்ள ஊறி உப்ப வைக்கும். உப்பினது மங்கலாவே நின்னுடும்.

கீறலுக்கும் எச்சக் கறைக்கும் அக்கா நல்லாச் சொல்லுவாங்க, அவங்களுக்கு விடுறேன்.

---

சாட்ஸ்வர்த் அக்கா பதில்:

கீறலுக்குச் செலவே இல்ல. கெட்டில்ல தண்ணி கொதிச்சதும் நிறுத்தி, 70 டிகிரிகிட்ட வர்ற வரைக்கும் ஆற விடுங்க. கீறல் இருக்கிற இடத்துல மெதுவா ஊத்துங்க. துடைக்காம ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்க. டாப்கோட்ல இருக்கிற மெல்லிய கீறல் கண்ணு முன்னாடியே மூடிக்கும். மூடலைன்னா இன்னொரு தடவை. முதல்ல வண்டி கழுவி இருக்கணும், கீறலுக்குள்ள கரி இருந்தா அதையும் சேர்த்து மூடிக்கிட்டுப் போயிடும். முன் கண்ணாடிப் பக்கம் தண்ணி தெறிக்காம பார்த்துக்கோங்க, ஜூலைக் காலை நேரத்துல சில்லுனு இருக்கிற கண்ணாடி வெந்நீர் பட்டா விரிசல் விடும். நகம் தட்டுற ஆழத்துக்குக் கீறல் இருந்தா அது நடு அடுக்கு வரைக்கும் போயிருக்கு, எந்தச் சூட்டுக்கும் மூடாது. தேவையில்லாம ஹீட் கன் எடுக்காதீங்க.

கறுப்புக் கார்ல இந்த வேலையை டர்பன் பிப்ரவரி வெயிலே பார்த்துக்கும். வெள்ளை பானட் அவ்வளவு சூடாகாது, அதனால உங்க வண்டில கீறல் தானா மறையலைன்னு ஃபிலிமைக் குறை சொல்ல வேண்டாம்.

ஹாடிடா எச்சத்துக்கு வரலாம். அளவு பெரிசு, காய்ஞ்சா ஓடு மாதிரி ஆயிடும். பறவை எச்சத்துல அமிலம் இருக்கு, வெயில் சேர்ந்தா டாப்கோட்டை அரிச்சு உள்ள இறங்கும். அன்னைக்கே எடுத்தா வெறும் ஈரத் துணி போதும், ரெண்டு நாள் ஆனா கறை. இப்ப இருக்கிறதுக்கு: வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துண்டை கறை மேல மூடி 5 நிமிஷம். எடுத்து, ஷாம்பூ தண்ணில மெதுவா துடைச்சு, மறுபடி வெந்நீர்த் துண்டு. இப்படி மூணு தடவை. சூட்டுல டாப்கோட் இளகும்போது உள்ள இறங்கின நிறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும், துண்டுல மஞ்சளா தெரியும். அப்புறமும் மீதி இருந்தா மேல அண்ணன் சொன்ன ஆல்கஹால் கலவையை ஒரு ஓரத்துல முயற்சி பண்ணுங்க. அதுக்கும் மேல தேய்க்காதீங்க, ரெண்டு மூணு வாரம் வெயில்ல விடுங்க. இந்த மாதிரி இயற்கைக் கறை வெயில்ல பலமுறை தானா வெளிறும்.

என்3ல ராத்திரி ஓட்டினா பம்பர் முழுக்கப் பூச்சிதான். அதுவும் அமிலம்தான். பூச்சிக்குன்னு விக்கிற வலை ஸ்பாஞ்ச் வேண்டாம், நனைச்ச துண்டை 5 நிமிஷம் போட்டு வச்சா கையால துடைச்சே வந்துடும். கைப்பை மாதிரி ஒரு பையில ரெண்டு துண்டு, 500 மி.லி. ஸ்ப்ரே பாட்டில்ல ஷாம்பூ தண்ணி, இதை டிக்கில வச்சிருங்க. எச்சம் பார்த்த இடத்துலயே வேலை முடியும்.

இன்னொண்ணு, குரங்கு வர்ற இடமா இருந்தா பானட் மேல அவங்க நகக் கீறல் ஆழமா இருக்கும். அது வெந்நீருக்கு வராது, வீணா கெட்டில் காய வைக்காதீங்க.

---

ஹைவெல்ட் 1700 பதில்:

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துல இருந்து ரெண்டு விஷயம் சேர்க்கிறேன், மாசா மாசம் வர்றீங்கன்னு சொன்னதால.

இங்க போர்ஹோல் தண்ணில வண்டி கழுவிடாதீங்க. சென்சூரியன், மேற்கு ராண்ட் பக்கம் அடியில டோலமைட் பாறை, தண்ணில கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். வெயில்ல காய்ஞ்சா வெள்ளை வளையம் நின்னுடும். புதுசா இருந்தா வெள்ளை வினிகரும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிக்குச் சரி கலந்து, துணியில நனைச்சு 1 நிமிஷம் வச்சு எடுத்து, நிறைய தண்ணி விட்டு அலசுங்க. பழசானா உள்ள அரிச்சிருக்கும், அப்ப வினிகரால பிரயோஜனம் இல்ல. கழுவி முடிச்சதும் துடைச்சுக் காய வைக்கிறதுதான் இதுக்கு மருந்து. துண்டை இழுக்காம விரிச்சுப் போட்டு ஒத்தி எடுங்க. ஜோஜோ டேங்க்ல பிடிச்ச மழைத்தண்ணி இருந்தா கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது இல்ல, அதுல தாது உப்பு ரொம்பக் கம்மி.

ரெண்டாவது, செராமிக். இங்க கடைக்குக் கடை ஃபிலிம் மேல செராமிக் கட்டாயம்னு சொல்லி விக்கிறாங்க. நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். பெயின்ட்டுக்குன்னு செஞ்ச கெட்டியான செராமிக்கை வளையுற ஃபிலிம் மேல போட்டா, கீறல் அந்தக் கெட்டிப் பூச்சுல விழும், அது சூட்டுக்கு மூடாது. ஃபிலிமுக்குக் காசு கொடுத்து வாங்கின குணத்தை இன்னொரு காசு கொடுத்து மறைக்கிற கதை. அதுக்குப் பதிலா ஃபிலிமுக்கு ஆகும்னு எழுதியிருக்கிற சிலிக்கா ஸ்ப்ரே சீலன்ட் (தெளிச்சுத் துடைக்கிற பாதுகாப்புப் பூச்சு), மூணு மாசத்துக்கு ஒரு தடவை. கழுவித் துடைச்ச பானட்டுக்கு நாலஞ்சு ஸ்ப்ரே போதும், ஒரு துணியால பரப்பி இன்னொரு துணியால உடனே துடைச்சிடணும். கார்னூபா வேக்ஸ் வேண்டாம். அதுல பல வகையில பெட்ரோலியக் கரைப்பான் இருக்கும், ஓரத்துல சிக்கி வெள்ளையா காயும், அதுமேல தூசி ஒட்டி நீங்க சொல்ற அதே கறுப்புக் கோடு திரும்ப வரும்.

மேட் (பளபளப்பில்லாத) ஃபிலிம் வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா: பளபளப்பு தர்ற எந்த ஸ்ப்ரேயும், வேக்ஸும், பாலிஷும் கூடாது. மேட்டுக்குன்னே வர்றதை மட்டும் போடுங்க.

---

ஃபிலிம்கை பதில்:

செராமிக்ல பாதிதான் ஒத்துக்கிறேன். ஃபிலிமுக்குன்னே வளையுற தன்மையோட வர்ற பூச்சுகள் இருக்கு, அது கீறல் மூடுறதை அவ்வளவா தடுக்காது. கரும்புக் கரி விழுற இடத்துல அது பெரிய உதவி, தண்ணி ஊத்தினாலே பாதிக் கரி இறங்கிடும். ஆனா டோங்காட்வாசி தம்பிக்கு இப்ப ஸ்ப்ரே சீலன்ட்டே போதும், அதுல எனக்கும் மாத்துக் கருத்து இல்ல. எதைப் போட்டாலும் புது ஃபிலிம் மேல உடனே வேண்டாம், பசை முழுசா இறுகுறதுக்கு சுமார் 30 நாள் எடுக்கும். புதுசா ஒட்டினவங்க முதல் 7 நாள் கழுவவே கூடாது. உள்ள தெரியிற சின்ன நீர்க்குமிழை ஊசியால குத்தவும் கூடாது, தானா ஆவியாகிப் போயிடும்.

தூக்கின முனைக்கு வர்றேன். வாரன்ட்டி இருந்தா தொடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து ஒட்டினவங்களுக்கு அனுப்புங்க. அவங்க செய்யறதுதான் சரி. அதுவரைக்கும் மேல தூக்காம இருக்க: தூக்கின பகுதிக்குக் கீழ ஆல்கஹால் கலவை தொட்ட பஞ்சுக் குச்சியால தூசியைத் துடைங்க, முழுசா காயட்டும். வீட்டு ஹேர் டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடிச்சு அரை நிமிஷம் சூடாக்குங்க. மைக்ரோஃபைபர் சுத்தின கட்டை விரலால நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்தி, ஆறுற வரைக்கும் ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோங்க. ரெண்டு நாள் நின்னா நின்னுச்சு. மறுபடி தூக்கினா பசையில மண் ஏறிடுச்சுன்னு அர்த்தம், அந்த 4 மில்லிமீட்டரை அவங்க பக்குவமா வெட்டி எடுத்துடுவாங்க, வெளியில தெரியாது. நீங்களே பிளேடு எடுக்காதீங்க. ஃபிலிமை வெட்டுற பிளேடு அடியில இருக்கிற கிளியர்கோட்டையும் (பெயின்ட் மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு) வெட்டும், அதுக்குள்ள கடல் காத்து ஈரம் போனா அப்புறம் துரு. சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், வெள்ளையா இறுகி, நாளைக்கு ஃபிலிம் எடுக்கிறப்ப பெயின்ட்டையும் சேர்த்துப் பிடுங்கும்.

---

டோங்காட்வாசி கேட்டது:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. கீறல் ரெண்டு கெட்டில்ல மறைஞ்சிடுச்சு, கறுப்புக் கோடும் பிரஷ்ஷுக்கே போயிடுச்சு. முனைக்குப் போட்டோ அனுப்பியாச்சு. எச்சக் கறை மூணு தடவை வெந்நீர்த் துண்டுக்கு அப்புறம் பாதியா குறைஞ்சிருக்கு, விளிம்பு மட்டும் மோதிரம் மாதிரி நிக்குது. இது மேல்கறையா, இல்ல ஃபிலிமே மஞ்சளாகுதா? பாலிஷ் மெஷின் வச்சு எடுக்கலாம்னு ஒரு கடையில சொல்றாங்க.

---

ஃபிலிம்கை பதில்:

மோதிரம் மாதிரி ஒரே இடத்துல நின்னா அது மேல்கறை. ஃபிலிமோ பசையோ மஞ்சளானா பாகம் முழுக்க ஒரே சீரா மாறும். சோதிக்கணும்னா பானட்டைத் திறந்து, ஃபிலிம் உள்பக்கம் மடிஞ்சிருக்கிற விளிம்பைப் பாருங்க. அங்க வெயில் படாது. அந்த நிறமும் மேல நிறமும் ஒண்ணா இருந்தா ஃபிலிம் நல்லா இருக்கு. வித்தியாசம் தெரிஞ்சா, அதுவும் 14 மாசத்துலயே தெரிஞ்சா, டிபியுன்னு சொல்லி பிவிசி கலந்ததை ஒட்டியிருக்காங்களான்னு கேட்க வேண்டிய நேரம். வாரன்ட்டி காகிதத்துல ஃபிலிம் ரோல் எண் இருக்கான்னும் பாருங்க.

பாலிஷ் மெஷினுக்கு அவசரப்பட வேண்டாம். நான் முதல்லயே சொன்ன அந்த மெல்லிய டாப்கோட்டைத்தான் அது சீவி எடுக்கும். கறை போகும், ஆனா அந்த வட்டத்துல இனி கீறல் மூடாது, அடுத்த எச்சம் இன்னும் சீக்கிரமா இறங்கும். இன்னும் ஒரு மாசம் வெயில்ல விடுங்க, வாரம் ஒரு தடவை வெந்நீர்த் துண்டு. அதுக்கும் நின்னு, கண்ணை உறுத்தினா மட்டும், மிருதுவான ஃபினிஷிங் பேட், மிக நைசான பாலிஷ், டூயல் ஆக்ஷன் (சுத்திக்கிட்டே ஆடுற) மெஷின் ஆகக் குறைஞ்ச வேகத்துல, ரெண்டே சுத்து. கை வச்சா வெதுவெதுன்னு மேல சூடு ஏறக் கூடாது, ஓரத்துக்கு 5 செ.மீ. உள்ள போகக் கூடாது. முடிஞ்சதும் அந்த இடத்துல சீலன்ட்.

ஒட்டினவங்ககிட்ட முனைக்குப் போறப்ப, அதே ரோல்ல மிச்சத் துண்டு ஒரு 10 செ.மீ. கேட்டு வாங்கிக்கோங்க. வீட்டுல வெள்ளைத் தட்டுல ஒட்டி வச்சா, எந்தப் புதுக் கிளீனர் வாங்கினாலும் முதல்ல அதுல ஊத்தி 10 நிமிஷம் விட்டுப் பார்க்கலாம். மங்கினாலோ, பிசுபிசுத்தாலோ அந்த பாட்டிலை வண்டிகிட்டயே கொண்டு போகாதீங்க.